அரசாங்கத்துக்கு மைக் பிடித்தவள்

அரசாங்கம் நடத்துவது ஒரு வேலை. அரசாங்கம் நடக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில் நான் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் எங்காவது சந்தை மேட்டில் ஒரு நீல வேன் நின்று, பக்கத்தில் துணிப்பந்தலும், பந்தலுக்குள் அரசின் சாதனைப் படங்களும் தெரிந்தால், மைக்கில் கேட்கிற பெண் குரல் என்னுடையது. உறுதிமொழி வாசிப்பது, கிராம சபையில் மேலிருந்து வந்த செய்தியைப் படிப்பது, விழா மேடையில் "அடுத்ததாக" என்று ஒவ்வொருவராக அழைப்பது எல்லாம் நான்தான். எங்கள் ஊர்ச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படித்துப் பழகிய குரல். நிலக்கடலை போடுகிற அப்பாவுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "பேசறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஓட்டு வாங்கி ஜெயித்துவிட்டால் மட்டும் போதாது என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எதற்காக ஆள்கிறோம், யாருக்காக ஆள்கிறோம் என்று ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மாநிலத்திலிருந்து சில சொற்கள் வரும், டெல்லியிலிருந்து சில சொற்கள் வரும். சமூக நீதி, சமத்துவம், வளர்ச்சி, தேசப்பற்று, மொழிப் பெருமை என்று எல்லாம் என் கைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன். மேலே எழுதிக் கொடுத்ததைக் கீழே வாசித்துவிட்டு, கீழே இருப்பவர் கேட்கும் கேள்விக்கு முழிக்கிற சக ஜீவன்களே, நீங்கள் ரேஷன் கடையில் இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் சரி, இது உங்களுக்காகவும் எழுதுவது. நாம் முழித்த பல இடங்களில் கேள்வி கேட்டவர்கள் ஜெயித்திருக்கிறார்கள்.

பாலத்தின் கீழே எழுதியது

ஆட்சி மாறினால் எங்கள் கண்காட்சியில் படங்கள் முழுதாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். முகங்கள் மாறும். பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்த்தொட்டி அப்படியே இருக்கும். அதன் கீழே ஒட்டியிருக்கும் வாசகத்தை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவோம். ஒட்டுவது எங்கள் வேன் டிரைவர் மாதையன். மைக் செட், கயிறு, ஆணி, பசை எல்லாமே அவர் பொறுப்பு. பாலக்கோடு சந்தையில் ஒரு முறை அப்படி ஒட்டிய பாலத்தின் முன்னால் ஒரு தக்காளி விவசாயி வெகுநேரம் நின்றார். பெயர் கோவிந்தன். "போன தடவ இதே பாலம் ஏழைங்களுக்காகக் கட்டுனதுன்னு போட்டிருந்தீங்க. இப்ப சமூக நீதிக்காகக் கட்டுனதுன்னு போட்டிருக்கீங்க. எதுக்காக வேணா இருக்கட்டுமுங்க. பாலத்தத் தாண்டுனா எங்க ஊருக்கு ரோடே இல்லீங்களே, அது எதுக்காகன்னு எங்கியும் போடலியே?" என்றார்.

பார்வையாளர் கருத்து எழுதும் நோட்டை நீட்டினேன். அதில் அதுவரை "நன்று", "மிக நன்று" தவிர யாரும் எதையும் எழுதியதில்லை. அவர் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார். மழைக்காலத்தில் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துப் பாலம் வரை நடப்பதை, வழுக்கி விழுந்து கூடை உருண்டதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை நான் மாத அறிக்கையோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டேன். கருத்து என்று ஒன்று வந்ததே எங்கள் அலுவலகத்தில் அதிசயமாகி, மேசை மேசையாகப் போயிருக்கிறது. அடுத்த கோடைக்குள் தார் ரோடு வந்தது. வந்த கையோடு அதையும் படம் எடுத்துப் பலகையில் மாட்டினோம். கோவிந்தன் மகளோடு வந்து பார்த்தார், கீழே இருந்த வாசகத்தை நிதானமாகப் படித்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"அரசு போட்டதுன்னு மட்டும் எழுதுனா எப்படிங்க? கேட்டது நானு. அதையும் ஒரு வரி சேத்துப் போடோணுமுங்க."

தாள் மாறிப் போனது

இது என் தப்பு. புதிய ஆட்சி வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். அமைச்சர் கலந்துகொள்ளும் நலத்திட்ட விழா. கைப்பையிலிருந்து வரவேற்புரையை எடுத்து, கணீரென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது பத்தியில் "உழைப்பவர் அடுப்பெரிய உதித்த அரசு" என்று வந்தபோதுதான் தாளைக் கவனித்தேன். அது பழைய ஆட்சியின் வாசகம், பழைய தாள். நிறுத்தினால் மாட்டிக்கொள்வேன், நிறுத்தாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். பெயரை மட்டும் மாற்றி, கடைசிவரை வாசித்து முடித்தேன். பந்தல் அதிரக் கைதட்டினார்கள். அமைச்சர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் அதிகாரி முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "அந்தம்மா நல்லா எழுதியிருந்தாங்க, அந்த உரையக் கேட்டு வாங்குங்கன்னு அமைச்சர் சொல்லிட்டுப் போயிருக்காரு. எந்தத் தாளை நான் அனுப்பறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். என் விளக்கம் அவர் மேசை இழுப்பறைக்குள் போனது, அங்கேயே இருந்துவிட்டது. நான் வெளியே வந்ததும் மாதையன் டீ வாங்கிக் கொடுத்தார்.

"ரெண்டு தாளையும் நான் கேட்டிருக்கேன் மேடம். கைதட்டு ரெண்டுலயும் ஒரே எடத்துலதான் வருது, நீங்க பயப்படாதீங்க."

சிரிக்கச் சொன்ன படம்

அரூர் பேருந்து நிலையத்தில் கண்காட்சி போட்டிருந்தோம். சித்தேரி மலையிலிருந்து புளி விற்க வந்த ராமாயி என்கிற பெண் ஒரு படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. படத்தில் அவளே இருந்தாள். புது வீட்டின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கும் படம். கீழே "ஒளி பெற்ற வாழ்வு" என்று பெரிய எழுத்து. அவள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்தேன். புளிக்கூடையைப் படத்துக்குக் கீழே வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிற ஒவ்வொருவரிடமும், "அது நாந்தான். சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். வூட்டுக்குக் கரண்டு இன்னும் குடுக்கல" என்று நிதானமாகச் சொன்னாள். கோபமே இல்லை. விசாரித்தவர்களுக்கு எல்லாம் அதே மூன்று வரி. புளியும் விற்றுக்கொண்டிருந்தது.

மாவட்டத்தின் உயர் அதிகாரி திறந்து வைக்க வரும் நேரம். படத்தைக் கழற்றிவிடலாமா என்று மாதையனிடம் கேட்டேன். "படத்தக் கழட்டலாம் மேடம். அந்தம்மாவ எப்படிக் கழட்டுவீங்க?" என்றார். வந்த அதிகாரியிடமும் ராமாயி அதே மூன்று வரியைச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கீழே இருந்த "ஒளி" என்ற சொல்லைப் பார்த்தார். அங்கேயே போனை எடுத்தார். மூன்று கம்பம் நடாமல் கிடந்ததுதான் விஷயம். மூன்று வாரத்தில் அவள் வீட்டுக்கும், அந்த வரிசையில் இருந்த மற்ற வீடுகளுக்கும் இணைப்பு வந்துவிட்டது. நாங்கள் வேனில் மலையேறிப் போனபோது பட்டப்பகலில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள்.

"இப்ப எடுங்க. இந்தத் தடவ யாரும் சிரிக்கச் சொல்ல வேண்டாம்."

தாய்மொழி

கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு ஊரில் மொழிப் பெருமை விழா. மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். முதல் பரிசு வாங்கிய பெண் பேசிய தமிழைக் கேட்டு மேடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தமிழ் பேசிச் சம்பளம் வாங்கும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "தாய்மொழியில் சிறந்த பேச்சாளர்" என்று அச்சிட்ட சான்றிதழை நான் வாசித்துக் கொடுத்தேன். கூட்டத்திலிருந்து அவளுடைய அம்மா கௌரம்மா எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர். வீட்டில் பேசுவது கன்னடம்.

சான்றிதழை மாற்றித் தர வேண்டும் என்றார். அதிகாரி, எங்கேயோ மனம் புண்பட்டுவிட்டது, பெரிய விவகாரமாகப் போகிறது என்று பயந்து என்னைப் பார்த்தார். கௌரம்மா சிரித்துக்கொண்டே ஒரே ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். அங்கேயே ஒரு வெற்றுச் சான்றிதழை எடுத்து, அவர் கேட்டபடி கையால் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது முறையும் கைதட்டல் கிடைத்தது, முதல் தடவையைவிடப் பலமாக. கௌரம்மா சொன்னது இதுதான்:

"தாய்மொழின்னு போட்டுட்டீங்க. தாய் நானு, என் மொழி கன்னடா. தமிழ்ல மொதல் பரிசுன்னு மட்டும் போடுங்க, அதுதான் அவ ஜெயிச்சது."

கொடி கட்டிய பரிசல்

டெல்லியிலிருந்து ஒரு தேசப்பற்று வாரம் வந்தது. ஒகேனக்கல்லில் இருபது பரிசல்களில் தேசியக்கொடி கட்டி, காவிரியில் வரிசையாக விட்டுப் படமெடுத்து அனுப்ப வேண்டும். விடியும்போதே கொடி, ஒலிபெருக்கி, தொப்பி எல்லாவற்றோடும் போய்விட்டோம். பரிசல் ஓட்டிகள் மரியாதையாகக் கொடியை வாங்கினார்கள், அழகாகக் கட்டினார்கள். கட்டிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்காகப் பேசிய சின்னசாமி பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினார். அடையாள அட்டை இல்லாதவர் பரிசல் இயக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அவர்களுடைய அட்டைகள் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்த மனுக்கள் ஏதோ ஒரு பீரோவில் இருந்தன. தினமும் சுற்றுலா வந்தவர்களை ஏற்றும்போது யாராவது கேட்பார்களோ என்று பயந்து பயந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு அரசாங்க விழா. சட்டத்த மீறி ஓட்டுனா உங்களுக்குத்தானே சார் கெட்ட பேரு?" என்றார் சின்னசாமி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

டெல்லிக்கு மதியத்துக்குள் படம் போக வேண்டும். அதிகாரிகள் போன் மேல் போன் போட்டார்கள். பத்து மணிக்கு ஒரு ஜீப்பில் மனுக்கட்டும் ரப்பர் ஸ்டாம்பும் வந்து இறங்கின. மேசைக்கு எங்கே போவது? மீன் வறுவல் கடைப் பலகையைத் துடைத்து அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நான் மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் ஓடி வந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார்கள். சிலர் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மிளகாய்ப் பொடி வாசனையோடு இருபது பரிசலும் தண்ணீரில் இறங்கின. அன்று அவர்கள் போட்ட கோஷம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. ஒரு முறைகூட நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கரைக்குத் திரும்பிய சின்னசாமி அதிகாரியிடம் வந்து கைகூப்பினார்.

"கொடிய எங்க வேணும்னாலும் புடிப்போம் சார். நாங்க இந்த ஊரு ஆளுங்கதான்னு எழுதுன தாளு மொதல்ல கையில இருக்கட்டும்னு பாத்தோம்."

இரண்டாவது வாசிப்பு

ஊரின் பெயர் வேண்டாம். சமுதாயக் கூடத்தில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. நான் ஒரு வரி வாசிக்க, உள்ளே நாற்காலிகளில் இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எத்தனையோ ஊரில் வாசித்திருக்கிறேன். எல்லா ஊரிலும் அது ஒரு முணுமுணுப்பாகத்தான் வரும். அன்று மட்டும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தமாகச் சொன்னது. முடித்ததும் அந்தக் குரலுக்குரியவர் வாசற்படியில் வந்து நின்றார். தூய்மைப் பணியாளர் பொன்னி. பின்னால் இன்னும் ஆறேழு பேர். "எல்லாரும் சொல்லி முடிச்சிட்டீங்களா? அப்ப நாங்க உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார். "உன்ன யாரு வர வேண்டாம்னு சொன்னது?" என்றார் ஒருவர். "யாரும் சொல்லலீங்க. வான்னும் இத்தன வருசத்துல யாரும் சொல்லல" என்றார் பொன்னி.

எனக்குக் கொடுத்த தாளில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மைக் மட்டும் அணையாமல் இருந்தது. "உறுதிமொழி எடுத்தவங்க அவங்கள வாங்கன்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஊராட்சித் தலைவி எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு எதிரே போட்டு, "வாங்க பொன்னி, உக்காருங்க" என்றார். மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பொன்னியும் மற்றவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து அந்த நாற்காலிகள் அவர்களுக்கும் சேர்த்தே போடப்பட்டன. வெளியே போன மூவரில் இருவர் திரும்பி வந்து அதே கூடத்தில் உட்கார்ந்ததையும் நான் பார்த்தேன். ஆனால் அன்று நான் மைக்கை அணைக்கப் போனபோது பொன்னி கையை உயர்த்தித் தடுத்தார்.

"அணைக்காதீங்கம்மா. அது வெளிய நின்னு சொன்னதுங்க. இன்னொருக்கா வாசிங்க, உள்ள இருந்து சொல்றோம்."

கை தூக்காத சபை

பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பல் மஞ்சளாகி, பெரியவர்களின் முட்டி பிடித்துப்போன ஊர். வீட்டுக்கு வீடு ஆற்றுத் தண்ணீர் தரும் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் போட்டாகிவிட்டது. "அனைத்து வீடுகளும் தூய குடிநீர் பெற்ற ஊர்" என்று கிராம சபையில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் ஊருக்கு ஒரு விருது. தீர்மானம் எங்களிடம் அச்சடித்தே வந்திருந்தது, "ஏகமனதாக" என்ற சொல் உட்பட. நான் வாசித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் பாதித் தூக்கத்தில் கைகள் தானாக மேலே போகும். அன்று ஒரு கைகூடப் போகவில்லை. அதிகாரி, "கேக்கலியா? இன்னொரு தடவ வாசிங்கம்மா" என்றார். வாசித்தேன். மாவு மில் நடத்தும் சரோஜா, மகளிர் குழுத் தலைவி, எழுந்து வந்து மேசைமேல் எதையோ டக்கென்று வைத்தார். அவர் வீட்டிலிருந்து திருகிக் கழற்றி வந்த தண்ணீர்க் குழாய். "மேட்டுத் தெருவுக்கு இதுல காத்துதான் வருதுங்க. ஊதுனா சத்தம் நல்லா வருது, வேணும்னா அதுக்கு ஒரு தீர்மானம் போடலாம்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "அம்மா, இது அரசுக்குப் பெருமை, ஊருக்குப் பெருமை. கையெழுத்துப் போட்டுட்டா தண்ணி பின்னாலேயே வரும்" என்றார். "பின்னால வர்றதுக்குப் பின்னாலயே கை தூக்கறமுங்க. நாங்க கை தூக்குனாத்தான் உங்களுக்குப் பெருமைன்னா, அந்தக் கைக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி குடுங்க" என்றார் சரோஜா.

சபை கலைந்தது. வேனில் ஏறும்போது அதிகாரி என்னிடம், "செய்திக்குறிப்புல ஏகமனதாகன்னு போட்டு அனுப்பிடுங்க. யாரு பாக்கப்போறா?" என்றார். நான் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து நிரந்தரமானவள். சொன்னதைச் சொல்வதுதான் என் தொழில். ஆனால் அந்தச் சபையில் இரண்டு தடவை வாசித்தது என் வாய். அந்தப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கையைக் கீழே வைத்திருந்தார்கள். அன்று மாலை குறிப்பில், "மேட்டுத் தெருவுக்குக் குடிநீர் வராததால் சபையினர் தீர்மானத்தை ஒத்திவைத்தனர்" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் அதிகாரி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, கேள்விக்குப் பின்னால் இன்ஜினியர்கள் வந்தார்கள். மேட்டுக்கு ஏற்ற வேண்டிய மோட்டார் திறன் போதாமல் இருந்திருக்கிறது. வேறு மோட்டார் வந்தது, மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் தண்ணீர் விழுவதை இன்ஜினியர் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த கிராம சபையில் அதே தாளை, அதே "ஏகமனதாக"வோடு வாசித்தேன். கடைசிச் சொல்லை முடிக்கும் முன்பே ஒட்டுமொத்தச் சபையும் கையைத் தூக்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று தூக்கினார்கள். அதிகாரிக்கு அப்படி ஒரு சந்தோஷம், தானே எண்ணிப் பார்த்தார். மைக்கை மாதையனிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சரோஜாவிடம் நீட்டினார்.

"அன்னிக்குக் கையத் தூக்கியிருந்தா, இன்னிக்கும் கொடத்தத் தூக்கிக்கிட்டுத்தான் இருந்திருப்போமுங்க."

பதினெட்டு வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: அரசாங்கம் தன் பெருமைக்காக எழுதிக் கொடுக்கும் அழகான வார்த்தைகளை எங்காவது நாலு பேர் நிஜமாகவே நம்பிவிட்டால், அதற்குப் பிறகு அரசாங்கத்துக்கு வேலை செய்வதைத் தவிர வேறு வழியே இருப்பதில்லை.